பாதிக்குப் பாதி என்று சொல்லிக்கொண்டிருந்தேன்

வாசகர் கேள்வி, 9 ஜூன் 2024

நாளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறது, எனக்கு இப்போதே வயிற்றைக் கலக்குகிறது. கணவன் மனைவி இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீடுகளில் வேலையை எப்படிப் பிரித்துக்கொள்கிறீர்கள்? போன வருடம் நாங்கள் ஒரு அட்டவணை எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டினோம். மூன்றாவது வாரம் அதன் மேலேயே பால் கணக்கு எழுதியாகிவிட்டது. அறிவுரை வேண்டாம், உங்கள் வீட்டில் நிஜமாக என்ன நடக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்.

என் பதில், 9 ஜூன், இரவு

எங்கள் வீட்டில் பாதிக்குப் பாதி. சண்டையே கிடையாது.

விவரம் வேண்டுமென்றால்: வீடு திருச்சி திருவானைக்காவலில். நான் தில்லை நகரில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் கணக்குப் பார்க்கிறேன், மனைவிக்கு லால்குடியில் வங்கி வேலை, காலை எட்டே காலுக்கு டோல்கேட்டில் பஸ் பிடித்தாக வேண்டும். பெண் ஒன்பதாவது, பையன் ஆறாவது. காலைச் சமையல் அவள். ராத்திரியே காய் நறுக்கி டப்பாவில் போட்டு வைப்பது நான். பிள்ளைகளை வண்டியில் கொண்டுபோய் விடுவது நான், பாடம் பார்ப்பது அவள். ஞாயிற்றுக்கிழமை காந்தி மார்க்கெட், கரண்ட் பில், சிலிண்டர் பதிவது, தண்ணீர் மோட்டார் எல்லாம் நான். ராத்திரி டிபன் அவள். பாத்திரம் விளக்கவும் கூட்டவும் ஒரு அக்கா வருகிறார். எழுதி ஒட்டவெல்லாம் இல்லை. அவரவர் வேலை அவரவருக்குத் தெரியும்.

10 ஜூன்

"பையனும் பெண்ணும் நாலரைக்கு வந்துவிடுவார்களே, நீங்கள் இரண்டு பேரும் ஆறரைக்கு மேல்தானே வருகிறீர்கள், நடுவில் யார்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அம்மா இருக்கிறார், எங்களோடுதான். வயது எழுபத்தொன்று. வேலை என்று எதுவும் அவருக்கு வைக்கவில்லை, சும்மாதான் இருக்கிறார். சீரியல் பார்ப்பார், கூடமாட ஏதாவது செய்வார்.

13 ஜூன்

'மனைவிக்கு உதவி செய்கிறேன்' என்று யாரோ எழுதப் போய் நாலு பேர் அவரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். இதில் நான் தப்பித்தேன். 'உதவி' என்ற வார்த்தையை என் மனைவி கல்யாணமான இரண்டாவது வருடமே தடை செய்துவிட்டாள். "உங்க வீட்ல நீங்க சாப்பிட்ட தட்டை நீங்க கழுவறதுக்குப் பேர் எனக்கு உதவியா?" என்று கேட்டாள், அதோடு சரி.

16 ஜூன், ஞாயிறு

கணக்குப்பிள்ளை புத்தி, ஒரு வாரம் என் வேலையை நோட்டில் நிமிடக் கணக்கில் எழுதினேன். ஒரு நாளைக்குச் சராசரி 110 நிமிடம்.

2019இல் மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுக்க நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் பெண்களுக்கு ஒரு நாளில் 299 நிமிடம், ஆண்களுக்கு 97 நிமிடம். ஆக, தேசிய சராசரியை 13 நிமிடத்தில் முந்திவிட்டேன். மனைவியிடம் காட்டினேன். நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "காந்தி மார்க்கெட்ல டீ குடிச்ச நேரத்தையும் சேத்திருக்கீங்களா?" என்றாள். சேர்த்திருந்தேன்.

21 ஜூன்

அம்மா நேற்று விழுந்துவிட்டார். கொல்லைப்புறக் குழாயடியில், பாசி. வலது கையை ஊன்றியிருக்கிறார், மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. ஆறு வாரம் மாவுக்கட்டு. வேறு எங்கும் அடியில்லை, பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். கட்டுப் போட்டுக்கொண்டு வெளியே வந்ததும் அம்மா முதலில் கேட்டது, "பால் காய்ச்சியாச்சா?"

இரண்டு மூன்று நாள் இந்தப் பக்கம் வர முடியாது.

23 ஜூன்

சரி, வந்துவிட்டேன். எழுதித்தான் ஆக வேண்டும்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்குத் தயிர் இல்லை. ஏன் இல்லை என்று யோசித்தோம், ஏனென்றால் எங்கள் வீட்டில் தயிர் இல்லாமல் போனதே கிடையாது. வியாழக்கிழமை ராத்திரி யாரும் உறை ஊற்றவில்லை. சரி, வெள்ளி ராத்திரி ஊற்றுவோம் என்றால் உறைக்கு ஒரு கரண்டி மோர்கூட மிச்சம் வைக்கவில்லை, வழித்துச் சாப்பிட்டுவிட்டோம். எதிர்வீட்டில் போய்க் கிண்ணம் நீட்டினேன். அந்த அம்மா சிரித்துக்கொண்டே, "பதினஞ்சு வருஷமா நான்தான் உங்க வீட்ல வந்து வாங்குவேன்" என்றார்.

சனிக்கிழமை சாயந்தரம் மழை வந்தது. மாடியில் துணி. வழக்கமாக மழை வந்தால் துணி தானாகக் கட்டிலில் வந்து கிடக்கும்.

இன்றைக்கு, இஸ்திரி போடுகிறவர் வந்து பதினெட்டு உருப்படி என்று மூட்டையைக் கொடுத்தார். எத்தனை போட்டோம்? யாருக்கும் தெரியாது. அம்மாவைப் பார்த்தோம். "இருபது. பையனோட வெள்ளைச் சட்டை ஒண்ணும் என்னோட பச்சைக் கரைப் புடவையும் காணோம்" என்றார், கட்டிலில் படுத்தபடியே.

இதெல்லாம் பெரிய வேலையா என்றால் இல்லை. உறை ஊற்ற அரை நிமிடம். ஆனால் பாலின் சூடு இறங்கிவிட்டதா என்று விரல் வைத்துப் பார்க்க ஒருத்தர் அந்த நேரத்தில் அங்கே இருக்க வேண்டும். என் நோட்டில் அதற்குப் பத்தி இல்லை.

24 ஜூன்

10ஆம் தேதி 'சும்மாதான் இருக்கிறார்' என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். அழிக்கவில்லை, கிடக்கட்டும்.

கூடவே 9ஆம் தேதி எழுதிய 'பாதிக்குப் பாதி'யும் தப்பு. நாங்கள் இரண்டு பேரும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டது அம்மா செய்தது போக மிஞ்சியதை. மொத்தத்தை இல்லை.

25 ஜூன்

நான் சொன்ன புள்ளிவிவரத்திலும் ஓட்டை இருக்கிறதாம், ஒருவர் சரியாகப் பிடித்துவிட்டார். 97 நிமிடம் என்பது அன்றைக்கு ஏதாவது வீட்டு வேலை செய்த ஆண்களுக்கு மட்டும் போட்ட சராசரி. அப்படிச் செய்தவர்களே நூற்றுக்கு 26 பேர்தான். பெண்களில் 81. செய்யாதவர்களையும் சேர்த்துப் பிரித்தால் ஆண்களுக்கு 25 நிமிடம் வருகிறது, பெண்களுக்கு 243. கணக்குப் பார்த்துப் பிழைக்கிறவன் வகுக்கும் எண்ணைப் பார்க்காமல் விட்டது அசிங்கம்தான். ஆபீசில் ஜூனியர் இப்படிச் செய்திருந்தால் கத்தியிருப்பேன்.

30 ஜூன்

நேற்று ராத்திரி வீட்டில் இரண்டு விஷயம் நடந்தன. இந்தியா உலகக் கோப்பை ஜெயித்தது, என் பெண் வெடித்தாள்.

அம்மா விழுந்த நாளிலிருந்து "அம்மாடி இதை எடு, அம்மாடி அதைப் பார்" என்று பெண்ணையே கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். அம்மா மட்டுமில்லை, நானும்தான், என் மனைவியும்தான். யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை, வாய் அந்தப் பக்கம்தான் திரும்புகிறது. நேற்று மேட்ச் ஓடிக்கொண்டிருக்கும்போது அப்பாயிக்குத் தண்ணீர் கொடு என்றேன். அவள் எழுந்திருக்கவில்லை. "தம்பிக்கும் அப்பாயி மாதிரி கை உடைஞ்சிருக்கா?" என்றாள். நான் ஏதோ சமாளிக்கப் பார்த்தேன். விரல் விட்டு எண்ணினாள்: பத்து நாளில் அப்பாயிக்குத் தலை பின்னிவிட்டது, டிபன் ஊட்டியது, சாயந்தரம் பால் காய்ச்சியது, விளக்கேற்றியது, தம்பிக்கே சாப்பாடு போட்டது. தம்பி செய்தது, சீலிங் ஃபேன் போட்டது.

அவள் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. காய்ந்த துணிகளை அள்ளி வந்து பையன் மடியில் போட்டேன். கடைசி ஓவரில் சூர்யகுமார் எல்லைக்கோட்டில் அந்தப் பந்தைத் தூக்கிப் போட்டுத் திரும்பப் பிடித்தபோது அவன் கையில் துண்டு இருந்தது, அதை மேலே வீசிவிட்டான், மின்விசிறியில் பட்டு அம்மாவின் மேல் விழுந்தது. இருந்தாலும் மூட்டை முழுக்க மடித்துவிட்டான். சட்டையெல்லாம் உருண்டை உருண்டையாக இருக்கிறது. திருத்த வேண்டாம் என்று மனைவி சொல்லிவிட்டாள். திருத்தினால் நாளைக்கு அது திருத்துகிறவர் வேலையாகிவிடும் என்றாள். எங்கேயோ அடிபட்டுக் கற்ற பாடம் போலிருந்தது, நான் கேட்கவில்லை.

7 ஜூலை, ஞாயிறு

மாவு.

மாவாட்டுகிற கைக்கு மாவுக்கட்டு என்று பையன் கிண்டல் செய்கிறான். இரண்டு வாரம் கடை மாவு வாங்கினோம். இரண்டாம் நாளே புளிப்பு, தோசை கல்லை விட்டு வராது, அம்மா ஒரு விள்ளலுக்கு மேல் தொடவில்லை. இன்றைக்கு நான் ஆட்டுகிறேன் என்று உட்கார்ந்தேன்.

எனக்கு நாற்பத்தாறு வயது. வாழ்நாளில் எத்தனை இட்லி சாப்பிட்டிருப்பேன் என்று கணக்குப் போட்டால் எப்படியும் ஐம்பதாயிரத்துக்குக் குறையாது. கிரைண்டரில் முதலில் அரிசியைப் போட வேண்டுமா உளுந்தைப் போட வேண்டுமா என்று தெரியாது. அரிசியைக் கொண்டுபோனேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மா கட்டுப்போட்ட கையைத் தூக்கிவிட்டார். உளுந்துதான் முதலில். நாலு டம்ளர் இட்லி அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். உளுந்துக்குத் தண்ணீரை மொத்தமாக ஊற்றக் கூடாது, தெளித்துத் தெளித்துக் கொடுக்க வேண்டும், அதுவும் குளிர்ந்த தண்ணீராக. நான் ஒரு டம்ளரைக் கவிழ்த்தேன், உளுந்து குளத்தில் நீந்தியது. கொஞ்சம் எடுத்து வெளியே வை, அரைய அரையச் சேர் என்றார். அரை மணி நேரம் போயிற்று. "ஆச்சாம்மா?" "கிண்ணத்துல தண்ணி எடுத்து ஒரு பொட்டு போட்டுப் பாரு." போட்டேன், மூழ்கியது. இன்னும் கொஞ்ச நேரம். திரும்பப் போட்டேன். மிதந்தது, பஞ்சு மாதிரி. அந்த ஒரு வினாடி இருக்கிறதே, ஆபீசில் பேலன்ஸ் ஷீட் இரண்டு பக்கமும் ஒத்துப்போகும்போதுகூட அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை.

அப்புறம் அரிசி, கொஞ்சம் நறநறவென்று இருக்கும்போதே எடுத்து, உப்புப் போட்டு, கையால் கலக்க வேண்டும். கரண்டி உதவாது என்று அம்மா சொல்லிவிட்டார். இதெல்லாம் முடித்துக் கிரைண்டரைக் கழுவுவது தனி வேலை, அதை எந்தச் சமையல் குறிப்பிலும் எழுத மாட்டார்கள். குழவிக்கு உள்ளே, கல்லுக்கு அடியில், மாவு ஒளிந்துகொள்கிற இடம் ஏழெட்டு இருக்கிறது.

மொத்தம் ஒரு மணி ஐம்பது நிமிடம். அம்மா இதை வாரத்துக்கு இரண்டு தரம் செய்துகொண்டிருந்தார், கீரை ஆய்ந்துகொண்டே, சீரியல் பார்த்துக்கொண்டே. சீரியல் பார்க்கிறார் என்றுதான் என் கண்ணுக்குத் தெரிந்தது.

8 ஜூலை, காலை

மாவு பொங்கி மேடையெல்லாம் வழிந்து அடுப்புக்குக் கீழே போய்விட்டது. "பெரிய குண்டான்ல ஊத்தச் சொல்லலாம்னு நினைச்சேன், நீயே கத்துக்கட்டும்னு விட்டுட்டேன்" என்கிறார் அம்மா.

இட்லி நன்றாக வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

16 ஜூலை

பாத்திரம் விளக்க வரும் அக்காவுக்குச் சம்பளத்தில் ஐந்நூறு கூட்டினோம், அம்மாவுக்குக் குளிக்க ஒத்தாசை செய்வதற்காக. நேற்று அவரிடம், உங்கள் வீட்டு வேலையை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டேன். பத்து வருடமாக வருகிறார், இப்போதுதான் கேட்கிறேன். விடிகாலை நாலு மணிக்கு எழுந்து சோறு வடித்துவிட்டு, நாலு வீடு பார்த்துவிட்டு, போய்க் குழம்பு வைப்பாராம். பெரிய பெண் ஏழாவது படிக்கிறாள், கூட்டிப் பெருக்குவது அவள். வீட்டுக்காரர்? "அவரு அவரு துணியைத் துவைச்சுக்குவாரு" என்றார், பெருமையாகத்தான் சொன்னார். கடைக்குட்டி மூன்றாவது, அரசுப் பள்ளி. முதலமைச்சர் காலை உணவுத் திட்டம் வந்தபிறகு அவனுக்குக் காலைச் சாப்பாடு அங்கேயே. "வயிறு நெறையறது ஒரு பக்கம், காலைல ஒரு வேளை அடுப்பு மிச்சம் சார்" என்றார். 2022இல் அந்தத் திட்டம் மதுரையில் தொடங்கியதிலிருந்து பேப்பரில் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன், எல்லாம் பிள்ளைகளின் பசி, வருகை, படிப்பு பற்றி. காலை நாலரை மணிக்கு ஒரு அம்மாவுக்கு அரை மணி நேரம் கிடைக்கிற கோணத்தில் நான் யோசித்ததில்லை.

அவருக்கு அரசின் மகளிர் உரிமைத் தொகையும் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. நாங்கள் வருமான வரம்புக்கு மேல், எங்களுக்குக் கிடையாது. அம்மா கட்டிலிலிருந்து, "ஆயிரத்தை முப்பதால வகுத்தா எவ்வளவுடா?" என்றார். முப்பத்து மூன்று ரூபாய் சொச்சம். "பரவால்ல, எனக்கு அதுவும் இல்ல."

சிரித்தோம். ராத்திரி தூக்கம் வரவில்லை. உதவித் தொகை என்று பெயர் வைக்காமல் உரிமைத் தொகை என்று வைத்தார்களே, அது யோசித்து வைத்த பெயர்.

17 ஜூலை

மேலே எழுதியதற்கு ஒருவர், "இதையெல்லாம் காசாக மாற்றினால் பாசம் என்ன ஆவது" என்று கோபித்திருக்கிறார். நான் காசாக மாற்றவில்லை, ஐயா. சென்னை உயர் நீதிமன்றமே 2023 ஜூனில் மாற்றிவிட்டது. கணவர் சவுதியில் சம்பாதித்து அனுப்பிய பணத்தில் வாங்கிய சொத்து, மனைவி இங்கே வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டவர். வழக்கு பல வருடம் நடந்தது. அந்தச் சொத்தில் மனைவிக்குச் சரிபாதி என்று நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி தீர்ப்புச் சொன்னார். அவள் வீட்டைப் பார்த்துக்கொள்ளாமல் இவர் அங்கே சம்பாதித்திருக்க முடியாது என்பதுதான் அடிப்படை. மேஸ்திரி இல்லாமல் வீடு எழும்புமா என்று கேட்பது மாதிரி எளிய கேள்வி, ஆனால் அதைக் கோர்ட்டில் கேட்க வேண்டியிருந்திருக்கிறது.

எனக்கு உறுத்துவது வேறு. அது கணவன் மனைவி கணக்கு. என் சம்பளமும் என் மனைவி சம்பளமும் சேர்ந்து வருவதற்கு அம்மா பங்கு எவ்வளவு? அதை எந்தக் கோர்ட்டில் போய்ப் பிரிப்பது? அவர் கேட்கவும் மாட்டார். கேட்க மாட்டார் என்ற தைரியத்தில்தான் இவ்வளவு நாள் ஓடியிருக்கிறது.

24 ஜூலை

அவசரமாக எழுதுகிறேன், ஆபீசிலிருந்து. வருமான வரித் தாக்கலுக்கு 31 கடைசி நாள், பத்து நாளாக ராத்திரி பத்துக்குத்தான் வீடு. நேற்று ராத்திரி ஒன்பதரைக்குத் தோசை பாதியில் அடுப்பு அணைந்துவிட்டது. இருக்கிற இரண்டு சிலிண்டரும் காலி.

சிலிண்டர் பதிவது என் வேலை என்று ஜம்பமாக எழுதியிருந்தேனா? நிஜம் என்னவென்றால், ஒன்று தீர்ந்து அடுத்ததை மாட்டும்போது அம்மா தினசரிக் காலண்டரில் பென்சிலால் ஒரு வட்டம் போடுவார், அன்று சாயந்தரம் என்னிடம், "மாத்தியாச்சு, பதிஞ்சிடு" என்பார். நான் போனில் இரண்டு பொத்தானை அழுத்துவேன். அதற்குப் பெயர் என் வேலை. ஜூன் 19ஆம் தேதி அக்காவை விட்டுப் புதுச் சிலிண்டரை மாட்டியிருக்கிறார். என்னிடம் சொல்வதற்குள் மறுநாள் விழுந்துவிட்டார். ஐந்து வாரம் காலிச் சிலிண்டர் என் கண்ணெதிரே நின்றது, அது நிரம்பியிருக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மிச்சத் தோசையை எதிர்வீட்டில் போய்ச் சுட்டு வந்தாள் என் பெண். இல்லை, பையன். பையன்தான் போனான், மாவுக் கிண்ணத்தோடு. சரியாக எழுதாவிட்டால் அக்காளும் தம்பியும் இரண்டு பேருமே சண்டைக்கு வருவார்கள்.

28 ஜூலை

நல்லபடியாக எழுதிக்கொண்டு போகிறேன், நான் ஏதோ திருந்திவிட்டேன் என்று இங்கே நாலு பேர் பாராட்டிவிட்டார்கள். அதனால் இதையும் சொல்ல வேண்டும்.

நேற்று ராத்திரி வீட்டில் பெரிய சண்டை. இந்த ஐந்து வாரத்தில் மனைவி ஒன்பது நாள் லீவு போட்டிருக்கிறாள். நான் இரண்டு நாள். அம்மாவைக் கட்டுப் பார்க்கக் கூட்டிப்போக ஒன்று, முதல் நாள் ஒன்று. என் அம்மா. "ஜூலைல எப்படி லீவு எடுக்கறது" என்றேன். "மார்ச்ல என் பேங்க்ல இயர் எண்டிங் வந்தப்ப யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் நான்தான இருந்தேன்" என்றாள். அப்படி ஒரு மார்ச் எனக்கு ஞாபகமே இல்லை. அவளுக்குத் தேதி ஞாபகம் இருந்தது.

நோட்டைத் திரும்ப எடுத்தேன். அம்மாவின் வேலை ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது. அந்த ஐந்தில் நான் வாங்கிக்கொண்டது முக்கால் மணி, பிள்ளைகள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு மணி, அக்கா அரை மணி. மீதி யார் தலையில் விழுந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. யாரும் அவளிடம் கொடுக்கவில்லை, அவளும் வாங்கவில்லை. தண்ணீர் பள்ளத்துக்குப் போகிற மாதிரி போய்விட்டது. மாவாட்டியதைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேனே, அந்த ஒரு மணி ஐம்பது நிமிடத்தில் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று பார்த்தேனா? இப்போது கேட்டேன். பாத்ரூம் கழுவிக்கொண்டிருந்தாளாம்.

4 ஆகஸ்ட்

வியாழக்கிழமை கட்டுப் பிரித்தாயிற்று. கை குச்சி மாதிரி, தோலெல்லாம் உரிந்து. ஸ்பாஞ்சுப் பந்து ஒன்றைக் கொடுத்து ஒரு நாளைக்கு நூறு தரம் அழுத்தச் சொன்னார்கள். "ரப்பரைப் பிசையறதுக்குச் சப்பாத்தி மாவைப் பிசைஞ்சா ஆகாதா?" என்று அம்மா கேட்டார். ஆகும், ஆனால் இப்போது இல்லை என்றார் பந்தைக் கொடுத்த பெண், சிரிக்காமல்.

நேற்று ஆடிப்பெருக்கு. மேட்டூர் நிரம்பிக் காவிரியில் தண்ணீர் கரைபுரண்டு ஓடுகிறது, கூட்டத்தில் அம்மாவைக் கூட்டிப்போக வேண்டாம் என்று வீட்டுக் குழாயடியிலேயே மஞ்சள் பிள்ளையார் பிடித்து வைத்துக் கும்பிட்டோம். அதே குழாயடிதான். பாசியைத் தேய்த்துக் கழுவியவன் பையன். சித்ரான்னம் நான்கு வகை, எலுமிச்சை, புளி, தேங்காய், தயிர். தயிர் எங்கள் வீட்டுத் தயிர். புளிக்காய்ச்சல் நான்.

18 ஆகஸ்ட்

இப்போது வேறு பிரச்சினை, இதை எதிர்பார்க்கவில்லை.

இந்த இரண்டு மாதத்தில் மனைவி சமையலறையைக் கொஞ்சம் மாற்றியிருந்தாள். பருப்பு டப்பாக்கள் கீழ்த்தட்டுக்கு, அவசரத்துக்குக் கை எட்டுகிற மாதிரி. சாம்பார்ப் பொடி அரைத்து வைக்காமல் பாதி கடையில் வாங்கியது. பழைய எவர்சில்வர் அடுக்கெல்லாம் பரணில். அம்மா உள்ளே போய் மல்லியைத் தேடினார். கிடைக்கவில்லை. யாரையும் கேட்கவில்லை. வெளியே வந்து உட்கார்ந்துகொண்டார். ராத்திரி சாப்பிடும்போது, "இனிமே எனக்கு இங்க என்ன வேலை" என்றார். அத்தையை எதுவும் செய்ய விடக்கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்த என் மனைவிக்கு முகம் செத்துவிட்டது.

பாரத்தை இறக்கி வைப்பது என்றுதான் நான் நினைத்தேன். ஐந்து மணி நேர வேலையோடு சேர்த்து, இஸ்திரிக்காரர் யாரிடம் பேச வேண்டும், எதிர்வீட்டுக்காரர் யாரிடம் கிண்ணம் நீட்ட வேண்டும், சிலிண்டர் எப்போது மாறும் என்று யாருக்குத் தெரியும், எல்லாம் அவரிடமிருந்து போய்விட்டது. எனக்கு முடிவு தெரியவில்லை. உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி நடந்திருந்தால் சொல்லுங்கள். 'பெரியவர்களை உட்கார வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று மட்டும் சொல்லாதீர்கள், உட்கார வைத்ததுதான் இப்போது சிக்கல்.

19 ஆகஸ்ட்

ஒரு சகோதரி எழுதியிருந்த யோசனை பிடித்திருந்தது. 'எதைச் செய்கிறீர்கள் என்று கேட்காதீர்கள், எதை விட மாட்டீர்கள் என்று கேளுங்கள்.' அம்மாவிடம் கேட்டோம். தயிர், பொடி அரைப்பது, இஸ்திரிக் கணக்கு, பிள்ளைகள் வரும்போது கதவு திறப்பது. மாவு? ரொம்ப நேரம் யோசித்தார். "மாவை அவனே ஆட்டட்டும். பக்கத்துல நாற்காலி போடுங்க."

மல்லி டப்பா பழையபடி மேல்தட்டுக்குப் போய்விட்டது.

2 மார்ச் 2025

இந்த இழையை யாரோ தோண்டி எடுத்து, இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள். போன வாரம் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பும் வந்துவிட்டது, அதனால் சேர்த்தே சொல்கிறேன். பெண்களுக்கு 299 நிமிடம் 289 ஆகியிருக்கிறது. பத்து நிமிடத்தை ஆண்கள் வாங்கிக்கொண்டார்கள் போல என்று சந்தோஷப்பட்டுப் பார்த்தால், ஆண்களுக்கும் 97லிருந்து 88 ஆகக் குறைந்திருக்கிறது. இந்தத் தடவையும் செய்தவர்களுக்கு மட்டும் போட்ட சராசரிதான், நானே சொல்லிவிடுகிறேன்.

வீட்டில்: மாவு நான்தான், வாரம் இரண்டு தரம். பாத்ரூம் நானும் பையனும் மாற்றி மாற்றி. ஜூலைக்கு மூன்று நாள் லீவு இப்போதே எழுதிக் கொடுத்துவிட்டேன், மேலே இருப்பவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். காலைச் சமையல் இன்னும் மனைவிதான், இது மாறவில்லை. பெண் அடுத்த வருடம் பத்தாவது, அவளை எதற்கும் கூப்பிடக் கூடாது என்று அம்மா உத்தரவு. தம்பி பத்தாவது வரும்போதும் இதே சட்டம்தானா என்று அவள் எழுதிக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அம்மாவுக்கு மழை வந்தால் மணிக்கட்டு வலிக்கிறது. காலண்டர் வட்டத்தை எங்களிடம் கொடுத்துவிட்டார். இன்று காலை சிலிண்டர் எப்போது மாட்டியது என்று பார்க்கப் போனேன். பிப்ரவரி 5இல் என் வட்டம் ஒன்று, 8இல் பையன் வட்டம் ஒன்று. இரண்டு பேரும் அடித்துக்கொண்டோம். உள்ளேயிருந்து அம்மா சொன்னார்:

"ரெண்டும் தப்பு. மாட்டினது வெள்ளிக்கிழமை. அன்னிக்குத்தான் பூக்காரம்மா வரல."